செருப்பு அலமாரிக்குள் பொங்கிய மாவு

நாம் பார்க்கப் போகிற நாளில் வீடும் நோயாளியாகிவிடும். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்.

என் பொறுப்பில் இருந்த குடும்பங்களை உங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். உடற்குறையால் மாதாந்தர உதவித்தொகை பெறுகிறவர்கள் அவர்கள். வீட்டுக்குப் போய் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது, என்ன உதவி தேவை என்று கேட்பது, உரிய இடத்தில் எடுத்துச் சொல்வது, இதுதான் நம் வேலை. நான் வேலையை விட்டுப் போகிறேன். முப்பத்தைந்து வயதில் என்ன ஓய்வு என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு கொஞ்ச காலம் வீட்டோடு இருக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். அது சரியான முடிவுதானா என்று காலையில் கூடக் கணவரிடம் கேட்டேன். "நேத்தும் இதேதான் கேட்ட" என்றார்.

நான் அப்படித்தான். பூட்டிய கதவை மின்தூக்கி வரை போய்விட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். இந்த வேலையில் அது சில சமயம் நல்ல குணம். சில சமயம் மகா தொல்லை. எது எப்போது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மாவு ஜாடி.

வீடு நோயாளியாவது பற்றிச் சொன்னேன். ஃபேரர் பார்க் வட்டாரத்தில் ஒரு பெரியவர் நான் அழைப்புமணி அடித்த பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி அரிசி வாளிக்குள் போடுவார். தேக்கா சந்தைக்குப் பின்னால் இருந்த மாமி ஒருவர் என் வருகைக்கென்றே பழைய திரைச்சீலை ஒரு ஜோடி எடுத்து வைத்திருந்தார். ஒருமுறை அவசரத்தில் அதைத் தலைகீழாக மாட்டிவிட்டார். திரையில் இருந்த மயில்கள் எல்லாம் தலைகீழாகத் தொங்கின. இருவரும் அதைப் பார்க்காத மாதிரியே பேசி முடித்தோம். இவர்கள் பொய்க்காரர்கள் இல்லை. கொஞ்சம் நன்றாக இருப்பது தெரிந்தால் உதவி நின்றுவிடும் என்று யாரோ எங்கோ சொல்லியிருப்பார்கள். அந்தப் பயம் நமக்கு முன்னால் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

இனி கலா அக்காவின் கதை. எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "மாவு பொங்கினத கட்டாயம் எழுதுங்க மிஸ், அத விட்டுறாதீங்க" என்றார். பெயரை மட்டும் நான் மாற்றியிருக்கிறேன்.

கலா அக்கா ஒரு ஓட்டல் சமையலறையில் மேற்பார்வையாளராக இருந்தவர். முதுகுத்தண்டில் கிருமி தொற்றி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே செயல் இழந்துவிட்டார். இடது கையிலும் பிடி குறைவு. மோட்டார் வைத்த சக்கர நாற்காலி. கணவர் செல்வா பேருந்து ஓட்டுநர். அவருக்கு விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். அதனால் கலா அக்காவைப் படுக்கையிலிருந்து எழுப்பி, குளிப்பாட்டி, உடை மாற்றி நாற்காலியில் உட்கார வைக்க ஒரு பெண்மணி காலையில் வருவார். அந்தப் பெண்மணிக்கான சம்பளம் உதவித்தொகையிலிருந்துதான் போகிறது. அது நின்றால் கலா அக்காவின் நாளே தொடங்காது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் கொளுத்திய ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் செங்காங் வட்டாரத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்வா கதவைத் திறந்தார்.

"வாங்க மிஸ், வாங்க. கலா படுத்திருக்கா. எப்பவும் படுத்துதான் இருப்பா."

கூடத்துக் கட்டிலில் கலா அக்கா கழுத்து வரை போர்வை போர்த்திப் படுத்திருந்தார். கண்ணுக்கு மை தீட்டியிருந்தது. நெற்றியில் வியர்வை. போர்வையின் மறு முனையில் விளையாட்டுக் காலணியின் நுனி ஒன்று எட்டிப் பார்த்தது.

நான் அதைக் கவனிக்காத மாதிரி எதிரே உட்கார்ந்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று முகத்தில் காட்டிக்கொள்வதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அதை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

"வெளியில எங்கயாவது போறீங்களா அக்கா?"

"எங்க மிஸ் போறது... கிளினிக்குக்கு மட்டும்தான்" என்றார், கூரையைப் பார்த்து.

"அதுவும் எப்பவாச்சும்தான்" என்றார் செல்வா.

அப்போது கதவோரத்தில் இருந்த செருப்பு அலமாரிக்குள்ளிருந்து டொப் என்று ஒரு சத்தம்.

செல்வா கண் இமைக்காமல், "பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கிறாங்க" என்றார்.

மறுபடியும் டொப். இந்த முறை உள்ளே ஏதோ உருண்டது. அலமாரிக் கதவின் அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ மெதுவாக வழிந்து, செல்வாவின் வேலைக்குப் போகும் காலணியைச் சுற்றிக்கொண்டு தரையில் இறங்கியது.

"அது... பெயிண்ட் மிஸ்."

கூடம் முழுக்கப் புளித்த வாசனை. எனக்கு என்ன தோன்றியதோ, "பெயிண்ட் புளிக்குமாண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

முதலில் சிரித்தது கலா அக்காதான். போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு வலது கையால் போர்வையை விலக்கினார். வெளியே போகும் உடை, காலணி, கழுத்தில் மாணவர் அட்டை.

"போதும்பா செல்வா. மிஸ், அது என் ஹோம்வொர்க்."

"கலா!"

"என்ன கலா? மூடிய யாரு இறுக்கி மூடச் சொன்னது? புளிக்கிற மாவு மூச்சு விட வேணாமா?"

"வாசனை வரும்னு மூடினேன்லா. நீதான சீக்கிரம் ஒளி, சீக்கிரம் ஒளின்னு கத்தின!"

விஷயம் இதுதான். கலா அக்கா இளவயதில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டுக் குடும்பச் சூழலால் நின்றவர். இப்போது உணவு அறிவியல் படிக்க மறுபடியும் சேர்ந்திருக்கிறார். வகுப்பில் கொடுத்த முதல் வேலை, ஒரே தோசை மாவை வெவ்வேறு வெப்பத்தில் வைத்து எவ்வளவு பொங்குகிறது என்று அளப்பது. ஜாடிகளில் அளவுகோல் ஒட்டி, ஏ, பி, சி என்று பெயர் எழுதியிருந்தார். ஏ குளிர்பதனப் பெட்டியில் இருந்தது. பியையும் சியையும் செல்வா செருப்புகளுக்கு நடுவே ஒளித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் கலா அக்காவின் முகம் மாறியது.

"மிஸ், நேராவே கேட்டுடறேன். படிக்கப் போறேன்னு தெரிஞ்சா காச நிறுத்திடுவாங்களா? கீழ் மாடியில இருக்கறவங்க நிச்சயம் நிறுத்திடுவாங்கன்னு சொல்றாங்க. 'காலேஜுக்குப் போக முடியும்னா உனக்கு என்ன குறை'ன்னு கேப்பாங்களாம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள விலகினா கட்டின ஃபீஸ் திரும்ப வந்துரும். அதுக்கு அப்புறம் வராது. நீங்க நிறுத்திடுவாங்கன்னு சொன்னா இப்பவே விலகிடறேன்."

மணி மூன்றரை தாண்டியிருந்தது.

எனக்கு வாயில் தயாராக ஒரு வாக்கியம் உண்டு. "செக் பண்ணிட்டுச் சொல்றேன் அக்கா." சொன்னேன்.

"எப்ப மிஸ்?"

"திங்கட்கிழமை..."

"அஞ்சு மணி மிஸ்" என்றார் கலா அக்கா. கோபமாக இல்லை. பேருந்து போய்விடும் என்று நினைவூட்டுகிற மாதிரி.

அந்த நேரத்தில் என் மனத்தில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஓடும். உதவித்தொகை விதிகள் எனக்கு ஓரளவு தெரியும். படிப்பதால் நிற்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் நினைப்பு வேறு, நிச்சயம் வேறு. நான் "படிங்க" என்று சொல்லி, நாளை உதவி நின்றால்? ஃபீஸும் போய், காலையில் வரும் பெண்மணியும் போய்விடுவார். "எதுக்கும் இப்போதைக்கு விலகிடுங்க, உறுதியானதும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டால் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. பொறுப்பான பதில் போலவும் இருக்கும்.

அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கலா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் மாணவர் அட்டையைக் கழற்றத் தயாராகக் கழுத்துக் கயிற்றைப் பிடித்திருந்தன. நான் சொல்லப்போவது அவருக்குப் பாதுகாப்பா, எனக்குப் பாதுகாப்பா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. எனக்குத்தான். அதில் சந்தேகமே இருக்கவில்லை. எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிற எனக்கு அது ஒன்று தெளிவாகத் தெரிந்தது.

"எனக்கு உறுதியாத் தெரியாது அக்கா" என்றேன். "ஆனா உதவித்தொகை குடுக்கற ஆபீஸ்ல அஞ்சு மணி வரைக்கும் போன் எடுப்பாங்க. இப்பவே கேப்போம். நீங்களே பேசுங்க. காலேஜ் விஷயத்தையும் சேத்தே சொல்லுங்க."

செல்வா பதறிவிட்டார். "மிஸ், அதெல்லாம் ரெக்கார்ட் ஆகும் மிஸ்!"

"ஆகட்டும்" என்றார் கலா அக்கா. "ஒவ்வொரு தடவையும் மிஸ் வரப்போ ஷூவோட போத்திக்கிட்டுப் படுக்கறதுக்கு இது தேவலாம். வேகுது."

என் தொலைபேசியில்தான் அழைத்தேன். காத்திருக்கச் சொல்லி இசை போட்டார்கள். ஒலிபெருக்கியில் வைத்தேன். செல்வா துடைப்பான் கொண்டுவந்து தரையைத் துடைத்தார். நான் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குளியலறையில் கழுவினேன். அது என் வேலைப் பட்டியலில் இல்லை. கை சும்மா இருந்தால் நான் நகம் கடிப்பேன். கலா அக்கா கட்டிலில் இருந்தபடி ஒருவரையும் விடாமல் அதட்டிக்கொண்டிருந்தார்.

"செல்வா, பி ஜாடிய கழுவிடாதே! எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்கணும். அளவுகோல் தெரியுதா?"

"மாவுதான் தெரியுது."

"சி?"

"சி என் சாக்ஸ்ல இருக்கு."

நான்கு மணிக்கு மேல் ஆகிவிட்டது. இசை ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில் என் தொலைபேசியில் இன்னொரு அழைப்பு வந்தது. பாலர் பராமரிப்பு நிலையம். என் மூத்தவன் அப்போது அங்கே இருந்தான். அதை எடுத்தால் இந்த வரிசை போய்விடுமோ என்று பயம். எடுக்காவிட்டால் அங்கே பிள்ளைக்கு என்ன ஆனதோ.

கலா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "ஸ்கூலா? எடுங்க மிஸ். அந்த நம்பர சொல்லுங்க, என் போன்ல நான் வரிசையில நிக்கிறேன். எனக்கு நின்னு பழக்கம் போயிருச்சுன்னு நெனச்சீங்களா?"

செல்வா ஈரத் துடைப்பானோடு அப்படியே நின்றார். நான் எண்ணைச் சொன்னேன். பிறகு நிலையத்தின் அழைப்பை எடுத்தேன்.

"மம்மி, டோன்ட் பேனிக் ஆ" என்றார் ஆசிரியை. என்னிடம் எல்லா உரையாடலையும் அவர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள். என் மகன் மதிய உணவில் இருந்த பட்டாணியை மூக்குக்குள் போட்டுக்கொண்டான். தும்மலில் அதுவே வெளியே வந்துவிட்டது. இப்போது அதைக் காட்டி எல்லாரிடமும் பெருமையடிக்கிறான். தகவலுக்காகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

"என்னாச்சு மிஸ்?" என்றார்கள் இருவரும்.

"மூக்குல பட்டாணி. தானா வந்துருச்சு."

"அலாமாக்!" என்றார் கலா அக்கா. "நம்ம ரெண்டு பேரு வீட்டுலயும் இன்னைக்கு எல்லாம் தானாவே வெளிய வருது."

நாங்கள் மூவரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் கலா அக்காவின் தொலைபேசியில் இசை நின்று ஒரு பெண்குரல் வந்தது. செல்வா துடைப்பானைச் சுவரில் சாய்த்தார்.

கலா அக்கா தன் பெயரைச் சொன்னார். பிறகு ஒரே மூச்சில், ஆங்கிலத்தில், தான் கல்லூரியில் சேர்ந்துவிட்டதையும் தினமும் ரயிலில் போய் வருவதையும் சொன்னார். மறைக்கவே இல்லை. செல்வா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பெண் கேட்ட கேள்விகள் வேறாக இருந்தன. குளிக்க உதவி தேவையா? தேவை. உடை மாற்ற? தேவை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற? தேவை. கழிப்பறைக்கு? கலா அக்கா என்னைப் பார்த்தார், பிறகு நேராகச் சொன்னார், தேவை. போன ஆண்டிலிருந்து இதில் எதுவும் மாறியிருக்கிறதா? இல்லை.

"அப்படியென்றால் உங்கள் உதவித்தொகைக்கும் நீங்கள் படிப்பதற்கும் சம்பந்தமில்லை. உடல்நிலையில் மாற்றம் வந்தால் மட்டும் சொல்லுங்கள்" என்றார் அந்தப் பெண்.

"நிச்சயமாவா?" என்று கேட்டது நான்தான். அருகில் இருந்து கத்தியே கேட்டேன். "இதை மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா? உங்கள் பெயரைச் சொல்ல முடியுமா?" அவர் பொறுமையாகப் பெயர் சொன்னார், அனுப்புகிறேன் என்றார். வைப்பதற்கு முன், "என்ன படிக்கிறீர்கள்?" என்று கேட்டார். கலா அக்கா சொன்னதும், "வாவ், நல்லா இருக்கே" என்று அந்தக் குரலும் சிரித்தது.

ஆனால் மின்னஞ்சல் வரவில்லை. ஐந்து மணி நெருங்கிக்கொண்டிருந்தது. திறன்பேசித் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தோம். வெறும் வாய்வார்த்தை. கலா அக்கா கேட்டார், "நீங்க என்ன சொல்றீங்க மிஸ்?"

நான் எப்போதும் சொல்லும் பதில் மறுபடி நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினேன். விதியும் நான் நினைத்த மாதிரியே இருக்கிறது. கேட்க வேண்டியவரிடம் கேட்டோம். மறைக்காமல் சொன்னோம். பதில் தெளிவாக வந்தது. இதற்கு மேலும் காத்திருப்பது கவனம் இல்லை, வெறும் பயம்.

"விலகாதீங்க அக்கா" என்றேன். "படிங்க."

மணி ஐந்து ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. கலா அக்கா கயிற்றிலிருந்து கையை எடுத்தார். செல்வா சமையலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவர் முகம் கழுவியதற்கு மாவு காரணம் இல்லை.

"உக்காருங்க மிஸ்" என்றார். "சோதனைக்கு எடுத்தது போக மீதி மாவு இருக்கு. ரெண்டு தோசை ஊத்தறேன்."

உங்களுக்கு விதி தெரியும். பார்க்கப் போகும் வீட்டில் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது. தண்ணீர் பரவாயில்லை. தோசை தண்ணீரா என்று ஒரு கணம் யோசித்தேன், பொய் சொல்லமாட்டேன். கல்லில் எண்ணெய் பொரியும் சத்தம், தேங்காய்ச் சட்டினி வாசனை. காலையிலிருந்து நான் சாப்பிட்டது மகன் மிச்சம் வைத்த ரொட்டி ஓரம்தான்.

"ரூலா மிஸ்?" என்றார் கலா அக்கா.

"ரூல்தான் அக்கா."

"சரி, போங்க. மோந்து பாக்க ரூல் இருக்கா?"

முகர்ந்து பார்த்துவிட்டுக் கிளம்பினேன். எல்ஆர்டி ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது மின்னஞ்சல் வந்துவிட்டதாகக் கலா அக்கா ஒரு செய்தி அனுப்பினார், கூடவே மொறுமொறுப்பான தோசையின் படம் ஒன்று.

அடுத்த முறை நான் போனபோது செருப்பு அலமாரியில் செருப்பு மட்டும் இருந்தது. ஜாடிகள் மேசைமேல், மூடி தளர்வாக. கலா அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வெடித்த ஜாடிகளைப் பற்றியும் அறிக்கையில் எழுதியிருந்தாராம். காற்றுப் புகாமல் இறுக்கி மூடினால் என்ன ஆகும் என்பதற்கு வகுப்பில் வேறு யாரிடமும் சான்று இல்லை. விரிவுரையாளர் அதற்குத் தனியாகப் பாராட்டினாராம். "புகழ் முழுக்க எனக்குத்தான்" என்றார் செல்வா.

ஒருநாள் தேக்கா உணவு நிலையத்தில் கலா அக்காவைப் பார்த்தேன். இருபது வயதுகூட ஆகாத வகுப்புத் தோழர்கள் நால்வர் சுற்றி உட்கார்ந்து, அவர் விளக்குவதைக் கேட்டுக்கொண்டே புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலேயே என்னைக் கண்டுகொண்டார். "மிஸ்! முதல் வருஷம் பாஸ்!" என்று கூட்டம் முழுக்கக் கேட்கக் கத்தினார். நானும் அவ்வளவு சத்தமாகவே, "ஒளிக்காம சொல்றீங்களே அக்கா!" என்றேன்.

படிப்பு முடிந்து வேலை கிடைத்தால் வேறு கேள்விகள் வரும். அப்போது உங்களில் ஒருவர் அந்தக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். அவருக்கு எத்தனை மணிக்குள் பதில் வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்குப் பயம் வந்தால் வரட்டும், எனக்கு இன்னும் வருகிறது. அந்தப் பயத்தை அவருக்கு ஆலோசனையாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

நேற்று என் அலுவலக அட்டையை ஒப்படைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். கலா அக்கா வகுப்பு முடிந்து நேராக வந்து வாசலில் காத்திருந்தார். மாணவர் அட்டை சட்டைக்கு மேலே தொங்கியது. மடியில் ஒரு ஜாடி, ஓர் எவர்சில்வர் டப்பா.

"அட்டைய குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன் அக்கா."

"அப்ப நீங்க ஆபீசர் இல்ல."

"இல்ல."

டப்பாவைத் திறந்தார். இரண்டு தோசை, மடித்து, சட்டினியோடு. அங்கேயே நடைபாதையில், போகிற வருகிறவர்கள் பார்க்க, நின்றபடி சாப்பிட்டேன். சாப்பிடலாமா என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. முடித்ததும் மாவு ஜாடியை என் பைக்குள் வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"வீட்டுக்குப் போனதும் மூடிய இறுக்கிடாதீங்க மிஸ். உங்க கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும்."

ரயிலில் மூன்று நிறுத்தங்கள் வரை அதைத் தொடாமல்தான் இருந்தேன். பிறகு ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். தளர்வாகத்தான் இருந்தது.